தாப்பா மலைப்பாதையில் ஒரு பழைய ஈஸ்வரா

கேமரன் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் இப்போது பலரும் சிம்பாங் பூலாய் வழியைத்தான் சொல்வார்கள். அகலமான சாலை, வளைவுகள் குறைவு, பின் இருக்கையில் பிள்ளைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள். என் அப்பாவிடம் இந்த வாதம் எடுபடாது. கேமரன் என்றாலே அவருக்குத் தாப்பாதான். எங்கள் விஷயத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிம்பாங் பூலாய் சாலை மலையின் வட கோடியில் கம்போங் ராஜாவில் கொண்டுபோய் விடும். அத்தை இருப்பதோ தென் கோடியில், ரிங்லெட்டில். தாப்பா வழியாக ஏறினால் முதலில் வரும் ஊரே ரிங்லெட்தான்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. பேராக்கில் தொடங்கி, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, பாதி வழியைத் தாண்டிப் பகாங்குக்குள் நுழையும். 1885இல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். வண்டிப்பாதை மேலே எட்ட 1930களின் தொடக்கம்வரை ஆனது. அந்தச் சாலையில்தான் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களும் அரிசியும் ஏறின, தேயிலை இறங்கியது. என் தாத்தா பாட்டி மேலே போனதும் இதே வழியில்தான். லோரியின் பின்னால் உட்கார்ந்து போனார்களாம்.

நாங்கள் போனது 1996ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வராவில். 1.3 லிட்டர், கார்ப்ரேட்டர், கையால் கியர் போடும் வண்டி. முதல் சாகா 1985 ஜூலையில் வந்தது, ஈஸ்வரா 1992இல். நம் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் மலாய்க்காரர்போல் உச்சரித்து நான் கேட்டதில்லை. அப்பா பிரேக் போடும்போதெல்லாம் "ஈஸ்வரா!" என்பார். காரைக் கூப்பிடுகிறாரா கடவுளைக் கூப்பிடுகிறாரா என்று அம்மா கேட்பார்.

கிள்ளானில் இருக்கும் எங்களுக்கு இனி அந்தக் கார் தேவையில்லை. அத்தை மகனுக்கோ தேவை. அவர் ரிங்லெட்டில் காய்கறித் தோட்டம் போடுகிறார். இருக்கும் ஒரே லோரி சரக்கோடு இறங்கிவிட்டால், அத்தையைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி இல்லை. அத்தைக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். கட்டு மாற்ற வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டும். அதனால் காரை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

தடையாக இருந்தது ஒரு திணறல். மூன்று மாதமாக அந்தக் கார் மேம்பாலம் ஏறினாலே முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுத்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினோம். கார்ப்ரேட்டரை மாற்றினார்கள், 350 ரிங்கிட். இரண்டு வாரம் கழித்து மழை பெய்ததும் மறுபடி இழுத்தது. "எஞ்சின் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 1,800 ஆகும்" என்றார்கள். அண்ணன் இரும்புக் கடைக்காரரிடம் விலை பேசிவிட்டார். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "மலை ஏறுனா மாப்பிள்ளைக்கு. ஏறலேன்னா இரும்புக் கடைக்கு."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். இரவெல்லாம் மழை. நெடுஞ்சாலையில் 90இல் போகும்போது கார் ஒரு குறையும் சொல்லவில்லை. தாப்பா பட்டணத்தைக் கடந்து, வீடுகள் முடிந்து, ஆறும் மூங்கிலும் தொடங்கிய இடத்தில் சாலை நிமிர்ந்தது. மூன்றாம் கியரில் கொஞ்சம் அழுத்தினேன். டக், டக், டக். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல. பெடலை லேசாக விட்டால் சரியாகிவிடும். அழுத்தினால் மறுபடி வெட்டும்.

அந்தச் சாலையில் பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், பின்னால் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லோரிகள். ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. திருப்பிக்கொண்டு கீழே இறங்கினோம்.

தாப்பாவில் அந்த நேரத்துக்குத் திறந்திருந்த பட்டறை ஒன்றுதான். தகரக் கூரை, வாசலில் ரம்புத்தான் மரம், உள்ளே இரண்டு பழைய வேன். போமன் நம்மவர். ஐம்பது வயதிருக்கும், வாயில் பல் குத்தும் குச்சி. நம் நாட்டில் மெக்கானிக்கைப் போமன் என்று சொல்வது எப்படி வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பேன். தோட்டத்து ஃபோர்மன் போனாலும் பட்டறைப் போமன் இருக்கிறார்.

பானெட்டைத் திறப்பார் என்று நின்றேன். அவர் திறக்கவில்லை. அப்பாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஐயா, எப்ப இழுக்குது? நின்னுக்கிட்டு இருக்கும்போதா, ஓடும்போதா?"

"ஏத்தத்துலதான் தம்பி. அழுத்துனாதான்."

"சூடானப்புறமா, காலையிலேயேவா?"

"சூடெல்லாம் கணக்கு இல்ல. மழை பெஞ்சா கூடுது."

"அப்படியே சக்தி குறைஞ்சு மெதுவாவுதா, இல்ல வெட்டு வெட்டா இழுக்குதா?"

"வெட்டு."

அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தம் அவருக்குப் பேச்சு மாதிரி. போமன் குச்சியைத் துப்பிவிட்டு, "பாதி வேலை முடிஞ்சுது ஐயா" என்றார்.

எப்படி என்று கேட்டேன். பெட்ரோல் போதாமல் போனால், அதாவது ஃபில்டர் அடைத்தாலோ பம்ப் சோர்ந்தாலோ, வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்து உட்காரும், அப்புறம் தானாக எழும். வேக்குவம் ஹோஸ் எங்காவது கிழிந்து காற்று புகுந்தால் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அதிகம் ஆடும், அழுத்தினால் குறையும். கூர்மையாக, ஊசி குத்துவதுபோல வெட்டினால், அதுவும் ஈரத்தில் கூடினால், முதல் சந்தேகம் தீப்பொறிமேல்தான். உயரத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அது கார்ப்ரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலைத் தாராளமாகத்தான் ஊற்றும். ஆனால் எங்கள் கார் மலையடிவாரத்திலேயே திணறியது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பெடலை அழுத்தினால் சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் போகும், அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட, பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். பல ஆயிரம் வோல்ட்டில் வரும் மின்சாரம் சுலபமான வழியைத் தேடும். கேபிளின் ரப்பர் எங்காவது வெடித்திருந்தால், அழுத்தம் நிறைந்த சிலிண்டருக்குள் போராடுவதைவிட, அந்த வெடிப்பு வழியே பக்கத்து இரும்புக்குத் தாவிவிடுவது அதற்குச் சுலபம். சமதளத்தில் போராட்டம் குறைவு, அதனால் ஒழுங்காகப் போகும். ஈரம் இருந்தால் தாவுவது இன்னும் சுலபம்.

இது எத்தனை வேகத்தில் நடக்கிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு சிலிண்டர் 1,500 தடவை பற்ற வேண்டும். நொடிக்கு 25. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறி. அதில் சில தவறினாலே காருக்குள் இருப்பவர் கழுத்து ஆடுகிறது.

அதற்குப் பிறகுதான் பானெட் திறந்தது. எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாய்க்குப் பின்னால் ஒரு பழைய ரசீதைப் பிடித்தார். காகிதம் ஒரே சீராகப் படபடத்தது. ஒரு சிலிண்டர் செத்திருந்தால் நடுநடுவே காகிதம் உள்பக்கம் இழுபடுமாம். பிறகு கைப்பிடியில் ரப்பர் போட்ட குறடால் பிளக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நான்குக்குமே எஞ்சின் சத்தம் இறங்கி ஏறியது. அப்படியானால், நின்றுகொண்டிருக்கும்போது நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அந்த அதிர்ச்சி சாதாரணமானதல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நிற்கக் கூடாது.)

"எஞ்சின் போச்சுன்னு சொன்னாங்களா? பாத்துருவோம்" என்று கம்ப்ரெஷன் மீட்டரைப் போட்டார். நான்கிலும் 160ஐ ஒட்டியே முள் நின்றது. வால்வு எரிந்திருந்தால், ரிங் தேய்ந்திருந்தால், ஒன்றாவது தனியாகக் கீழே இறங்கி நிற்கும். 1,800 ரிங்கிட் ஓவர்ஹால் அந்த இடத்தில் அடிபட்டுப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளை இன்னொரு தடவை பார்த்தார்.

கழற்றிய பிளக்குகளைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினார். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் தெ தாரிக் நிறம், நன்றாக எரிந்ததற்கு அடையாளம். மூன்றாவது கறுப்பு, ஈரப் புகை படிந்து பெட்ரோல் வாடை. எரியாமல் போன பெட்ரோல்.

என்னைப் போன்றவர்கள் இங்கேயே அவசரப்படுவோம். புது பிளக் ஒன்று மாட்டிவிட்டால் கார் ஓடும். ஓரிரு வாரம் ஓடும். அப்புறம் அதுவும் கறுக்கும். "பிளக் கறுத்துச்சுன்னு சொல்றது காய்ச்சல் அடிக்குதுன்னு சொல்ற மாதிரிம்மா. எதனாலன்னு பாக்கணும்" என்றார். மூன்றாவது பிளக்கைத் துடைத்து ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை மூன்றில். அப்பாவை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார். நான் அதற்குள் எதிர்க் கடையில் தோசை சாப்பிட்டேன். திரும்பி வந்து கழற்றினால், நல்ல பிளக் போட்டிருந்த மூன்றாம் இடம்தான் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆக, குற்றம் பிளக்கில் இல்லை. அந்த இடத்துக்குப் பொறி கொண்டுவரும் வழியில்.

அடுத்து அவர் செய்ததுதான் அன்று பார்த்ததிலேயே அழகான காட்சி. பையனை விட்டுக் கதவை இழுத்து மூடச் சொன்னார். பட்டறைக்குள் இருட்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சட்டை இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டிலால் கேபிள்கள்மேல் பூப்போலத் தண்ணீர் தெளித்தார். மூன்றாம் கேபிள் எஞ்சின் இரும்பில் உரசும் இடத்தில் நீல நிறத்தில் ஒன்று நெளிந்தது. சட்சட்டென்று மெல்லிய சத்தம். எஞ்சின் தடுமாறியது. "பாருங்க ஐயா, ஓடிப்போறவன் இவன்தான்." அப்பா என் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். கதவைத் திறந்தார்கள். புகை நெடி போக இரண்டு நிமிடம் ஆனது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றிக் காட்டினார். அதன் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலில் கோடு போட்டதுபோல் ஒரு கறுப்பு இழை. மின்சாரம் திரும்பத் திரும்பத் தாவி எரித்துப் போட்ட கரி. கரியும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒருமுறை விழுந்த கோடு தானாகப் போகாது, ஈரம் பட்டால் இன்னும் கெடும். துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். உள்ளே சுற்றும் ரோட்டரின் முனையும் தேய்ந்திருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் இத்தனை வருட எஞ்சின் சூட்டில் தாங்கியதே பெரிது.

ஈஸ்வராவுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது இன்னும் சிரமமாகவில்லை. பையன் மோட்டாரில் போய் இருபது நிமிடத்தில் வந்தான். கேபிள் ஒரு செட் 70 ரிங்கிட், மூடியும் ரோட்டரும் 45, பிளக் நான்கு 40. பழைய கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்திலேயே புதியதை மாட்டினார். மொத்தமாகக் கழற்றிவிட்டால் எது எங்கே என்று குழம்பிவிடும். இந்த எஞ்சின் பற்றும் வரிசை 1, 3, 4, 2. மாற்றி மாட்டினால் கார் துமுக்கி வெடிப்பதுபோல் வெடிக்கும் என்றார் பையன். அனுபவம் போலிருக்கிறது, போமன் அவனை ஒரு பார்வை பார்த்தார். கேபிள்கள் இரும்பிலும் ஒன்றோடொன்றும் உரசாமல் பிளாஸ்டிக் கொக்கிகளில் நிறுத்தினார். கூலி 50. எல்லாம் சேர்த்து 205 ரிங்கிட்.

இன்றைய கார்களில் இந்த மூடியும் நீளக் கேபிள்களும் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். இருட்டறையும் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், கருவியைச் செருகினால் குறியீடு வரும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0303 என்றால் மூன்றாவது, பி 0300 என்றால் பொதுவாகப் பல இடத்தில். ஆனால் பொறி எங்கே தவறுகிறது என்றுதான் குறியீடு சொல்லும், ஏன் தவறுகிறது என்று சொல்லாது. பக்கத்து காயிலோடு மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை அங்கேயும் உண்டு. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் உடனே ஒதுங்கி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும், அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

பதினொன்றரைக்கு மறுபடி ஏறினோம். அதே வளைவு, அதே மூன்றாம் கியர். அழுத்தினேன். கார் சத்தமில்லாமல் ஏறியது என்று சொல்ல மாட்டேன், 1.3 லிட்டர் வண்டி மலையில் முனகத்தான் செய்யும். ஆனால் வெட்டு இல்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஒராங் அஸ்லி வீடுகள், அவர்கள் சாலையோரம் தொங்கவிட்ட பெத்தாய்க் கொத்துகள், பாட்டிலில் தேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே லாத்தா இஸ்கண்டார் அருவி. இரவு மழையில் பாறை முழுக்க வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது, சாரல் சாலைவரை வந்தது. ஈரத்துக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது என்று அப்பா வேண்டுமென்றே காரைச் சாரல் பக்கமாக நிறுத்தச் சொன்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பெத்தாய் இரண்டு கொத்து பேரம் பேசி வாங்கினார். திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

அருவிக்கு மேலே சாலையின் முகம் மாறுகிறது. மூங்கில் குறைந்து மரப்பெரணி வரும், சன்னலைத் திறந்தால் ஏர்கோன் வேண்டாம். எல்லையைத் தாண்டியதும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் சரிவெல்லாம் வெள்ளையாகத் தெரியும். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிள்ளான் சந்தையில் நாம் வாங்கும் முட்டைக்கோஸில் ஒரு பகுதிக்கு இந்தச் சரிவுகளில் வேர் இருக்கும். ரிங்லெட் 1,100 மீட்டருக்கும் மேலே. அதையடுத்துத்தான் ஹாபு, 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பலரும் கீழே பட்டணங்களில். அத்தை மகனைப்போல் சிலர் மட்டும் மலையை விடவில்லை.

அத்தை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் ஒரு முக்காலிமேல். "அண்ணே, இந்தக் காடியிலயா ஏறி வந்தீங்க?" என்றார். அப்பா பெத்தாயை நீட்டினார்.

மாலையில் அப்பாவும் அத்தானும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். அப்பா ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுக் காட்டினார். அத்தான் பானெட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் 1, 3, 4, 2 என்று எழுதிக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினார். ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்ற வேண்டிய தாள்களை நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அதற்குமுன் வண்டிச் சோதனைக்கும் போக வேண்டும்.

மறுநாள் தானா ராத்தாவில் கோலாலம்பூர் பஸ் ஏறி வந்துவிட்டோம். புதன்கிழமை இரவு அத்தான் கூப்பிட்டார். மூன்று நாளாக விடாத தூறல், பனிமூட்டம். அம்மாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டாராம், ஒரு வெட்டுகூட இல்லையாம். "ஆனா மாமா, வைப்பர் ரப்பர் போயிருச்சு. எந்த அளவு வாங்குறது?"

பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் வைத்து அளக்கச் சொன்னார் அப்பா.